வெள்ளி அடைத்த பல்லும் வாயின் தோலும்: வாசகர் கேள்வி பதில்

கடைவாய்ப் பல்லில் சாம்பல் நிறமாகத் தெரியும் அடைப்பை ஊரில் 'வெள்ளி அடைப்பு' என்பார்கள். அதன் நிறையில் ஏறக்குறையப் பாதி இரசம் (பாதரசம்). மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். இரண்டையும் கலந்தால் பசையாகிச் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஒரு நாளில் முழு வலிமை பெறும். இறுகிய பிறகு இரசம் மற்ற உலோகங்களோடு பிணைந்துவிடும். ஆனாலும் மெல்லும்போதும் சூடாகக் குடிக்கும்போதும் நுண்ணிய அளவில் ஆவியாக வெளியேறும். காலப்போக்கில் மேற்பரப்பு அரிபட்டு உலோக அயன்கள் உமிழ்நீரில் கரையும். இவை கன்னத்தையும் முரசையும் (ஈறையும்) என்ன செய்யும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம்.

எனக்கு 48 வயது. வலக்கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கின்றன. உறைப்புக் கறி பட்டால் எரிகிறது. அந்தப் பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 15 வருடங்களுக்கு முன் போட்ட வெள்ளி அடைப்பு இருக்கிறது. வாயிலுள்ள ஐந்து வெள்ளி அடைப்பையும் கழற்றிவிடச் சொல்லி ஒருவர் ஆலோசனை தந்தார். அப்படிச் செய்வதா?
– வாசகி, சாம்பல்தீவு

ஐந்தையும் கழற்ற வேண்டாம். முதலில் கண்ணாடிக்கு முன் நின்று, ரோச் வெளிச்சத்தில், கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். பிறகு வாயை மெதுவாக மூடி, அந்தக் கோடுகள் எந்தப் பல்லோடு போய் ஒட்டுகின்றன என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து இடங்களில் ஒன்றுமில்லாமல், அடைப்பு உரசும் இடத்தில் மட்டும் மீன்வலை போன்ற வெள்ளைக் கோடுகளும் நடுவில் சிவந்த தோலும் இருந்தால் அது பெரும்பாலும் தொடுகை ஒவ்வாமை. அடைப்பிலிருந்து வரும் இரச அயன்கள் தோலின் புரதங்களோடு சேர்கின்றன. அந்தச் சேர்க்கையை உடலின் வெள்ளணுக்கள் அந்நியப் பொருளாகக் கருதித் தோலின் அடியடுக்கைத் தாக்குகின்றன. இந்த வகை ஒவ்வாமை தாமதமாக வருவது. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்த அடைப்பு, மேற்பரப்பு அரிபட்டுச் சொரசொரப்பான பிறகு தொல்லை தரத் தொடங்குவதும் இதனால்தான்.

இடக்கன்னத்தையும் அதே மாதிரி பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கோடுகள் இருந்தால், நாக்கிலும் முரசிலும் பரவியிருந்தால், அடைப்பின் மேல் பழி போட முடியாது. அது 'லைக்கன் பிளேனஸ்' என்ற தோல் நோயாக இருக்கலாம். அடைப்பைக் கழற்றினாலும் அது போகாது. பிறஷருக்கும் நீரிழிவுக்கும் தரப்படும் சில குளிசைகளும், மூட்டு வலிக்கு நெடுநாள் எடுக்கும் சில மருந்துகளும் இதே தோற்றத்தை உண்டாக்கும். நீங்கள் என்ன குளிசை எடுக்கிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கறுவா மணம் சேர்த்த பற்பசையும் சுவிங்கமும் இதே எரிவைத் தரும். அப்படியொன்று பாவித்தால் இன்றைக்கே மாற்றிப் பார்க்கலாம்.

பல் வைத்தியர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். தோலைப் படம் எடுத்து வைப்பார். சிவந்து புண்ணாகியிருந்தால், அல்லது தடித்திருந்தால், சிறு துண்டு எடுத்து உயிர்த்திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதற்குப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் தோல் எடுத்து, ஓரிரு தையல் போடும் வேலைதான். பிறகு தோலைத் தொடும் அந்த ஓர் அடைப்பை மட்டும் மாற்றுவார். மாற்றாகக் கொம்பசிற் வெள்ளை அடைப்போ கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்து அடைப்போ வைக்கலாம். பல் பெரிதாக உடைந்திருந்தால் உறை போடலாம். நேரடித் தொடுகையால் வந்ததென்றால் சில வாரங்களில் எரிவு குறையும். மூன்று மாதத்துக்குள் கோடுகள் மங்கும். மங்காவிட்டால் காரணம் வேறு என்று கொண்டு மறுபடி தேட வேண்டும்.

முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இரசக் கலவையைச் சிறு தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணித்தியாலத்தில் எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். உதவியான பரிசோதனைதான். ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தவர்களுக்கும் அடைப்பை மாற்றியதும் குணமானதுண்டு. 'உண்டு' என்று வந்தும் வாயில் ஒன்றும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். எனவே கோடு இருக்கும் இடமும் அடைப்பு தொடும் இடமும் ஒன்றா என்பதற்கே நாம் கூடிய மதிப்புக் கொடுப்போம்.

குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைக் காட்டிக்கொள்ளுங்கள். இத்தகைய தழும்புகள் நெடுங்காலம் இருந்தால் புற்றாக மாறும் வாய்ப்பு மிகச் சிறிதாயினும் உண்டு.

வாப்பாவுக்கு 70 வயது. வெற்றிலை, பாக்கு, போயிலை போடுவார். இடக்கன்னத்தில் வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்தப் பக்கம் பழைய அடைப்பு இருப்பதால் "அது மருந்தடைச்ச பல்லாலதான்" என்கிறார். வைத்தியரிடம் வர மறுக்கிறார்.
– வாசகர், கிண்ணியா

இந்தக் கடிதத்தை நாம் மற்ற எல்லாவற்றையும் விட அவசரமாகக் கருதுகிறோம். வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் கன்னத்தில் வெள்ளைத் தழும்பு என்றால், அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் சந்தேகிக்க வேண்டியது வெற்றிலைக் கூட்டைத்தான். பாக்கும் போயிலையும் இரண்டுமே புற்று உண்டாக்குபவை. நம் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. இரச அடைப்பு வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

வீட்டில் நீங்கள் பார்க்கக் கூடியவை இவை. விரலால் தடவினால் தழும்பு சொரசொரவென்று தடித்திருக்கிறதா? வெள்ளையின் நடுவே சிவப்புத் திட்டு உண்டா? வாயை அகலத் திறக்க முடிகிறதா? அவருடைய மூன்று விரல்களை நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே வைத்தால் நுழைய வேண்டும். இரண்டு விரல்தான் நுழைகிறது, கன்னம் விறைத்திருக்கிறது, உறைப்பு தாங்க முடியவில்லை என்றால் பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நாராகி இறுகும் நாரிறுக்க நோய் தொடங்கியிருக்கலாம். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அவரிடம் புற்று என்ற சொல்லை எடுத்து வாதாட வேண்டாம். "அந்தப் பல்லு அடைச்சதைக் காட்டிட்டு வருவம் வாப்பா" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரே பல்லின் மேல் குறை சொல்கிறார், அதுவே வர வைக்கப் போதும். கிண்ணியா வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காட்டினால், தேவைப்பட்டால் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

பல் பிடுங்கிய இடத்தில் முரசு கருநீலமாக இருக்கிறது. வலி இல்லை. இரசம் ஊறி இரத்தத்தில் கலந்துவிட்டதா?
– வாசகி, மூதூர்

கலக்கவில்லை. பல்லைப் பிடுங்கும்போதோ பழைய அடைப்பைத் துளைத்து எடுக்கும்போதோ தெறித்த தூள் காயத்துக்குள் அகப்பட்டு, மேலே தோல் மூடிக்கொண்டது. இதை 'இரச அடைப்புப் பச்சை' என்று சொல்லலாம். பச்சை குத்துவதும் இதே முறைதான். காலப்போக்கில் தூளிலிருக்கும் இரசமும் வெள்ளீயமும் மெல்ல அரிபட்டு நீங்க, வெள்ளி அங்கேயே தங்கித் தோலின் நார்களில் படிகிறது. நீலக் கருமை அந்த வெள்ளியின் நிறம். அதனால்தான் முதலில் சிறு புள்ளியாக இருந்தது வருடங்கள் போகச் சற்றுப் பரவியது போலவும் தெரியும். துணுக்கு பெரிதாக இருந்தால் அதைச் சுற்றி உடல் ஒரு சுவர் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சிகிச்சை தேவையில்லை. முன்பல் பக்கம் இருந்து சிரிக்கும்போது தெரிகிறதே என்று வருந்துபவர்களுக்கு மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுத்தோல் வைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்துகொள்ளுங்கள்: அந்த இடத்தைச் சிறிய பல் எக்ஸ்-றே எடுக்கச் சொல்லுங்கள். உலோகத் துணுக்குகள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தால் விடயம் முடிந்தது. துணுக்குகள் மிக நுண்ணியவையாக இருந்தால் படத்தில் தெரியாமலும் போகும். அப்போது, அந்த இடத்தில் அடைப்பு இருந்த வரலாறும் இல்லையென்றால், அல்லது நிறம் வேகமாக மாறினால், மேடாக எழுந்தால், இரத்தம் கசிந்தால், துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கரும்புற்று (மெலனோமா) வாயில் மிக அரிது. ஆனாலும் அது தொடங்குவதும் ஒரு கருந்திட்டாகத்தான்.

அடைத்த பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் முரசு வீங்கி இரத்தம் வருகிறது. நாற்றமும் உண்டு. இரச ஒவ்வாமையா?
– வாசகர், தம்பலகாமம்

பற்களுக்கிடையே நூல் விட்டு மேலே இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறினால் அல்லது அறுந்தால் அடைப்பின் விளிம்பு பல்லுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இரு பற்களுக்கு நடுவே அடைக்கும்போது பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டி கட்டி, முரசுப் பக்கம் சிறிய மர ஆப்பு செருகி இறுக்க வேண்டும். ஆப்பு இல்லாமல் அமுக்கினால் கலவை கீழே பிதுங்கி இறுகிவிடும். அந்தத் துருத்தலின் கீழ் பிரஷ் போகாது, அழுக்கு தங்கும், முரசு அழலும், காலம் போனால் எலும்பும் கரையும். குற்றம் இரசத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. வெள்ளை அடைப்பிலும் இதே தவறு நேரும். துருத்தல் சிறிதென்றால் அராவி மினுக்கலாம். பெரிதென்றால் அடைப்பை மாற்றிப் போட வேண்டும்.

ஐந்து மாதக் கர்ப்பிணி. பழைய வெள்ளி அடைப்பில் ஒரு மூலை உடைந்துவிட்டது. வலி இல்லை.
– வாசகி, நிலாவெளி

உடைந்த மூலை நாக்கைக் கிழிக்காதபடி மழுக்கி, குழியைக் கிளாஸ் அயனோமரால் மூடச் சொல்லுங்கள். மீதியுள்ள அடைப்பை இப்போது துளைத்து எடுக்க வேண்டாம். இரச ஆவி நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகக் கூடியது. அடைப்பு வாயில் சும்மா இருக்கும்போது வெளியாகும் ஆவியை விட, துளைக்கும்போது வெளியாவது பல மடங்கு அதிகம். அதனால் கர்ப்ப காலத்தில் புதிதாக வைப்பதும் இல்லை, நல்லதாக உள்ளதைத் தோண்டுவதும் இல்லை. பிள்ளை பிறந்து பாலூட்டி முடித்த பிறகு நிரந்தர அடைப்புப் போட்டுக்கொள்ளலாம். வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் மாதம் பல் சிகிச்சைக்கு வசதியான காலம்தான்.

இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. 2022இல் அந்த நாடுகள் சேர்ந்து எடுத்த முடிவின்படி, பாற்பற்களிலும், 15 வயதுக்குட்பட்டவர்களிலும், கர்ப்பிணிகளிலும், பாலூட்டும் தாய்மாரிலும், வைத்தியர் மிகத் தேவை என்று கருதினாலொழிய இரச அடைப்பு வைக்கக் கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் சிறுநீரக நோயாளர், நரம்பு நோயாளர், இரச ஒவ்வாமை உள்ளவர்களையும் தவிர்க்க வேண்டியவர்களாகக் குறிப்பிட்டது. நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பைக் காரணமின்றிக் கழற்ற வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது.

அப்படியானால் எப்போதுதான் கழற்றுவது? கழற்றும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், உப்புவெளி

அடைப்பின் ஓரம் உடைந்தால், அடியில் சூத்தை பிடித்தால், பல்லில் வெடிப்பு விழுந்தால், தோலில் மேலே சொன்ன தொடுகைத் தழும்பு வந்தால். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், ஒவ்வொரு மாற்றலிலும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகிறது என்பதை நினைவில் வையுங்கள். களைப்பு, மறதி, தலையிடி எல்லாவற்றுக்கும் அடைப்பைக் காரணம் காட்டி வாய் முழுக்கக் கழற்றுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். இரத்தக் குறைவு, தைரொயிட், நீரிழிவு என்று தேட வேண்டியவை தேடப்படாமல் போய்விடும்.

கழற்றும் நாளில் நீங்கள் கதிரையில் இருந்தபடியே கவனிக்கலாம். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் றப்பர் விரிப்புக் கட்டுகிறார்களா? தண்ணீர் விசிறிக்கொண்டே துளைக்கிறார்களா? தண்ணீர் இல்லாமல் துளைத்தால் உலோகம் சூடேறி ஆவி கிளம்பும். பெரிய உறிஞ்சுகுழாய் பல்லுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உமிழ்நீர் உறிஞ்சும் மெல்லிய குழாய் மட்டும் போதாது. கூரான புதிய துளைமுனையால் அடைப்பை இரண்டு மூன்று துண்டாகப் பிளந்து கெம்பி எடுப்பதே சரியான முறை. முழுவதையும் தூளாக அரைப்பது தவறு. யன்னல் திறந்திருக்கட்டும். விரிப்பை எடுப்பதற்கு முன் நன்றாகக் கழுவி உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் தங்கிய துணுக்கு முரசில் ஏறி, மூதூர் வாசகிக்கு வந்த கருநீலம் உங்களுக்கும் வரும்.

உள்ளிழுத்த இரச ஆவியில் ஏறத்தாழ 80 வீதம் நுரையீரல் வழியே உடலில் சேரும். பின்னர் பெரும்பங்கு சிறுநீரகத்தில் தங்கி மெல்ல வெளியேறும், பாதியளவு போக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். எனவே கழற்றிய உடனே சிறுநீரில் இரசம் பார்த்தால் கூடியே காட்டும். 'உடலைச் சுத்தப்படுத்தும்' குளிசைகளை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மாற்று அடைப்பைப் பற்றியும் ஒரு சொல். கொம்பசிற் வைக்கப் பல் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும், சுமார் 2 மில்லிமீற்றர் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொன்றையும் ஒளியால் இறுக்க வேண்டும். உமிழ்நீர் பட்டால் ஒட்டாது, ஓரத்தில் கசிந்து அடியில் சூத்தை பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

இரவு சாப்பிடும்போது அடைப்பு கழன்று விழுங்கிவிட்டேன்.
– வாசகர், குச்சவெளி

மலத்தோடு போய்விடும். இறுகிய அடைப்பிலுள்ள இரசத்தைக் குடல் உறிஞ்சுவது மிக மிக அற்பம். வாந்தி எடுக்க முயலாதீர்கள். குழியைத்தான் விரைவில் மூட வேண்டும். விழுங்கும்போது விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மட்டும் சுவாசக் குழாய்க்குள் போயிருக்கலாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாட்டு மருந்து எடுக்கத் தொடங்கி ஒரு மாதம். வாயில் உலோக ருசி, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, முரசு முழுக்க வீக்கம். இரண்டு வெள்ளி அடைப்பு இருக்கிறது. அதனாலா?
– வாசகி, திருகோணமலை நகர்

இரண்டு அடைப்பு இதைச் செய்யாது. அடைப்பின் பாதிப்பு அது தொடும் இடத்தில் நிற்கும். வாய் முழுக்க முரசு வீங்கி, எச்சில் வடிந்து, பல் ஆடி, கை நடுங்கினால் அது உடலுக்குள் இரசம் அதிகமாகப் போனதன் குறி. முற்காலத்தில் மேகநோய்க்கு இரசம் கொடுத்தபோது நோயாளருக்கு வந்தவையும் இவையே. சித்த மருத்துவத்தில் இரசம் சேர்ந்த மருந்துகள் உண்டு. அவற்றைச் சுத்தி செய்து, அளவும் நாட்களும் பத்தியமும் குறித்துத் தருவது பயின்ற வைத்தியரின் வேலை. கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பேர் தெரியாத தூளைப் பொட்டலமாக வாங்கி விழுங்குவது வேறு கதை. நீங்கள் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். மிச்ச மருந்தை எறியாமல் உறையோடு எடுத்துக்கொண்டு பொது வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள்.

தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். மிஞ்சும் இரசக் கலவையை எங்கே போடுவது? கொட்டினால் என்ன செய்வது?
– வாசகி, திருகோணமலை

உங்களைப் போன்றவர்கள் கேட்பது மிக நல்லது. நோயாளர் வந்து போகிறார், நீங்கள் அந்த அறையிலேயே நாள் முழுக்க மூச்சு விடுகிறீர்கள். மிஞ்சிய கலவை, கலவை வந்த வெற்றுக் கப்சியூல், அடைப்போடு பிடுங்கிய பல் மூன்றையும் காற்றுப் புகாத மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, 'இரசக் கழிவு' என்று ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எரிக்கும் மருத்துவக் கழிவுப் பையில் போடவே கூடாது, எரித்தால் அத்தனையும் ஆவியாகிக் காற்றில் கலக்கும். பிடுங்கிய பல்லை அவித்துக் கிருமி நீக்கவும் வேண்டாம். துப்புத்தொட்டியின் வடியைக் குழாயடியில் தட்டிக் கழுவாமல், அதில் தங்கியதையும் அதே போத்தலில் சேருங்கள். உறிஞ்சுகுழாயைக் குளோரின் கலந்த திரவத்தால் கழுவினால் உள்ளே படிந்த அடைப்புத் தூளிலிருந்து இரசம் கரைந்து சாக்கடைக்குப் போகும். குளோரின் இல்லாத, நடுநிலையான கழுவுதிரவம் பாவியுங்கள்.

திரவ இரசம் கொட்டினால் விளக்குமாறும் தூசு உறிஞ்சியும் தொடக் கூடாது, இரண்டும் உருண்டைகளைச் சிதறடித்து ஆவியைக் கூட்டும். ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள். கைவிரல் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட்டுக் கையுறை போடுங்கள், தங்கத்தில் இரசம் ஒட்டினால் போகாது. இரண்டு மட்டைத் துண்டால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மிச்சத்தை ஒட்டுநாடாவால் எடுத்து, எல்லாவற்றையும் அந்தப் போத்தலில் போட்டு மூடுங்கள். விரிசலில் புகுந்ததன் மேல் கந்தகத் தூள் தூவினால் ஆவியாவது குறையும்.

சாக்கடைக்குப் போவது கடைசியில் கொட்டியாரக் குடாவுக்குத்தான் போகும். சேற்றிலுள்ள பக்ரீரியா இரசத்தை மெதைல் இரசமாக மாற்றும், அது சிறு மீனிலிருந்து பெருமீனுக்கு ஏறும். அடைப்பு இரசத்தைக் குடல் பெரிதாக ஏற்காது என்றோம், மெதைல் இரசத்தையோ குடல் ஏறக்குறைய முழுவதும் ஏற்றுக்கொள்ளும். சுறா, தளபத்து போன்ற பெருமீன்களைக் கர்ப்பிணிகள் குறைத்து, சாளை, கீரி போன்ற சிறுமீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.